உப்புத் தண்ணீர்க் குட்டிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

குட்டிகள் வந்து சேர்ந்தன. மேச்சேரி இனம், எல்லாம் கிடா, மொத்தம் இருபத்து நான்கு. காதில் மஞ்சள் எண் வில்லை அடித்துக் கொட்டகையில் விட்டிருக்கிறோம். நல்ல தீனி எடுக்கின்றன.

இந்த நாட்குறிப்பை ஆய்வு முடியும்வரை எழுதுவதாக இருக்கிறேன். பிற்பாடு கட்டுரை எழுதும்போது உதவும்.

கால்நடை மருந்தகங்களில் செம்மறிக் கிடாவைக் காயடிக்கும்போது விதைப்பைக்கு மேலே இடுக்கியை வைத்து உள்ளே இருக்கும் நரம்பை நசுக்குகிறோம். தோல் கிழியாது, ரத்தம் வராது. மரக்க வைக்கும் ஊசியும் இல்லை, வலி ஊசியும் இல்லை. எங்கள் கால்நடைக் கல்லூரி நடத்தும் முகாம்கள் சிலவற்றில் மட்டும் போடுகிறோம். ரத்தம் வராததால் வலியும் இல்லை என்று என் ஆசிரியர்கள் நம்பினார்கள். நான் நம்பவில்லை. அரசு மருந்தகங்களின் மருந்துப் பட்டியலில் காயடிப்புக்கு வலி ஊசியைச் சேர்க்க வேண்டும் என்று சென்ற வருடமே மருந்துக் குழுவிடம் விண்ணப்பித்தேன். "கருத்து வேண்டாம், அளவு வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் குழு கூடுகிறது. இந்த முறை அளவோடு போகிறேன்.

ஏற்பாடு எளிது. பன்னிரண்டு குட்டிகளுக்கு மரக்க வைக்கும் ஊசியும் வலி ஊசியும் போட்டுக் காயடிப்போம். மற்ற பன்னிரண்டுக்கு அதே அளவு உப்புத் தண்ணீர். பிறகு மூன்று நாட்களுக்கு, வீங்கிய இடத்தை ஒரு கருவியால் மெல்ல அமுக்கி, எவ்வளவு அழுத்தத்தில் குட்டி உதைக்கிறது என்று அளப்போம். கூடவே முகத்துக்கு மதிப்பெண். காது, கண், மூக்கு, தாடை பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று எங்கள் மருந்தியல் துறை மெஹருன்னிசா போடுவாள். எந்தக் குட்டிக்கு எது போட்டோம் என்று அவளுக்குச் சொல்ல மாட்டோம்.

முகம் ஆறைத் தொட்டால் உடனே வலி ஊசி போட்டுவிட வேண்டும். போட்ட குட்டி கணக்கில் வராது. அந்த விதியை எழுதியவளும் மெஹர்தான். நல்ல விதி. நானும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் தொகுதி, நான்கு குட்டிகள். மருந்து போட்ட இரண்டும் இறக்கிவிட்டவுடன் தீனித் தொட்டிக்குப் போய்விட்டன. உப்புத் தண்ணீர் போட்ட இரண்டில் ஒன்று கால்களை நீட்டிப் படுத்தது, எழுந்தது, வயிற்றை உதைத்தது, மறுபடி படுத்தது. இன்னொன்று சுவர் மூலையில் தலையை முட்டிக்கொண்டு நின்று பல்லைக் கடித்தது. அந்தச் சத்தம் கொட்டகைக்கு வெளியே வரை கேட்டது.

"ஏழு" என்றாள் மெஹர். அடுத்ததற்குப் போய், என்னைப் பார்த்து, "இதுவும் ஏழு. எட்டு கூடப் போடலாம். ஊசிய எடு சென்னி."

போட்டோம். சற்று நேரத்தில் இரண்டும் அசை போட ஆரம்பித்தன. மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் இரண்டு குட்டிகள் கணக்கில் இல்லை.

குட்டிகளைப் பிடிக்கும் ராக்கியண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க சார், எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணுனப்ப ஒருத்தருமே மூஞ்சியப் பாக்கலீங்களே" என்றான்.

"உன் மூஞ்சிக்கு எப்பவுமே ஏழுதான்யா" என்றாள் மெஹர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேன்டீனில் மெஹரோடு வாக்குவாதம்.

"எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? உப்புத் தண்ணி போட்டது ரெண்டுமே ஆறைத் தாண்டிருச்சு. மருந்து போட்டதுல ஒண்ணுமே தாண்டலை. அதுதானே முடிவு? பன்னெண்டும் இப்படியே தாண்டுச்சுன்னா, பன்னெண்டுக்குப் பன்னெண்டு ஊசி கேட்டுச்சுன்னு எழுது. அதவிட என்ன வேணும்?"

"அது உன் கண்ணு சொல்றது மெஹரு. போன வருசம் கருத்துன்னுதானே தூக்கிப் போட்டாங்க? எனக்கு மூணு நாளைக்குக் கோடு வேணும். மருந்து போட்டதுக்கு மேல ஒரு கோடு, போடாததுக்குக் கீழ ஒரு கோடு. நடுவுல இடைவெளி."

"கோட்டுக்காக அது மூணு நாள் பல்லக் கடிச்சுட்டு நிக்கணுமா?"

"ஒரு பன்னெண்டு குட்டி. அதுக்கப்புறம் இந்த மாநிலத்துல ஒரு குட்டியும் கடிக்காது."

அவள் டீயை முடிக்காமல் எழுந்து போனாள். அவளுடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குழுவின் முன் நிற்கப்போவது நான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டாம் தொகுதி. மறுபடியும் இரண்டு உப்புத் தண்ணீர்க் குட்டிகளும் ஆறைத் தாண்டின. ஊசி. மறுபடி இரண்டு கணக்கில் இல்லை. ஈடு செய்யச் சந்தையில் நான்கு குட்டிகள் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இப்படியே போனால் மேல் கோடு மட்டும்தான் இருக்கும்.

மோட்டார் சரியாயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. முதல் ஊசி சரியாக மரக்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். இன்னொன்று போட்டார். அதுவும் போதவில்லை என்று சொல்லி மூன்றாவதும் போட வைத்தேன். பொறுமையான மனிதர். இவரை எல்லோருக்கும் சிபாரிசு செய்யலாம்.

மாலை முழுதும் கஞ்சி. மனைவி சுகந்தி, "பேசாம இருக்கீங்க, வீடே நல்லாருக்குது" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

ஆய்வுக்கு வாங்கிய அனுமதித் தாளை மறுபடி படித்தேன். "முக மதிப்பெண் ஆறோ அதற்கு மேலோ இருப்பின்" என்றுதான் இருக்கிறது. முக மதிப்பெண்ணை எல்லாக் குட்டிக்கும் எடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை.

கருவியைக் கொண்டு போகும்போது குட்டி ஆளைப் பார்த்து மிரள்கிறது. மிரண்டு உதைப்பதையும் வலித்து உதைப்பதையும் கருவி பிரித்துக் காட்டாது. அளவு கெடுகிறது. செக்குமாட்டுக்குக் கண் கட்டுகிறோம். வண்டியில் ஏற மறுக்கும் குதிரைக்குக் கட்டுகிறோம். கண் மறைந்தால் பிராணி அமைதியாகிவிடும். குட்டிகளுக்கும் தலையை மூடித் துணி உறை போட்டால் என்ன? மூச்சுக்கும் தீனிக்கும் வாய்ப் பக்கம் திறந்திருக்கும். இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி போடலாம். அப்போது பாரபட்சமும் இல்லை.

ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அறுவைக் கூடத்துப் பழைய பச்சைத் துணியில் உறைகள் தைத்தாயிற்று. ஆட்டுக்கா என்று தையல்காரர் இரண்டு முறை கேட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

உறை போட்டு முதல் தொகுதி. மெஹர் மகளைக் கல்லூரியில் சேர்க்கத் திருச்சி போயிருக்கிறாள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. உறை ஏறியதும் குட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. சத்தமில்லை.

"கல்யாணப் பொண்ணுக்கு முட்டாக்குப் போட்டாப்புல இருக்குதுங்க" என்றான் ராக்கியண்ணன். பிறகு காயடித்து இறக்கியபோது குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

உப்புத் தண்ணீர்க் குட்டிகளில் பதினான்காம் எண் கீழே விழுந்து சுவரோரமாக ஊர்ந்து போயிற்று. கண் தெரியாததால் தொட்டியில் மோதியது. மற்றது நடுங்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு மணிக்கும் அமுக்கி அளவு எடுத்தேன். கருவி பொய் சொல்லாது. மருந்து போட்டவற்றுக்கும் போடாதவற்றுக்கும் நல்ல வித்தியாசம்.

துணிக்குள்ளிருந்து பல் கடிக்கும் சத்தம் வந்தது. சத்தத்துக்கு மதிப்பெண் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதினான்கின் வீக்கம் தேங்காய் அளவு. காலையில் கருவியின் நுனி பட்டதுமே உதைத்தது. அழுத்தவே தேவைப்படவில்லை. இதுவரை எடுத்ததில் மிகச் சிறந்த அளவு. கீழ்க் கோடு அழகாக இறங்குகிறது.

மதியம் மெஹர் வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"இதென்ன கோலம்?"

விளக்கினேன். மிரட்சி, அளவின் துல்லியம், செக்குமாடு. அவள் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பதினான்கின் உறையைக் கழற்றினாள். குந்தி உட்கார்ந்து அதன் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டாள். கண் முக்கால்வாசி மூடியிருந்தது. உதடு எச்சிலில் நனைந்து கிடந்தது.

"ஒம்பது" என்றாள். "சென்னி, ஒம்பது."

"நீ இன்னிக்கு லீவு. உன் மதிப்பெண் செல்லாது."

"விதிய எழுதுனது நானு."

"நீ எழுதுனபடிதான் பண்றேன். முகம்னு எழுதியிருக்கே. முகம் தெரியலை."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பது வருடப் பழக்கத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "மருந்து பீரோச் சாவியக் குடு" என்றாள்.

சாவியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். மாலையில்தான் பார்த்தேன், சட்டைப் பையிலேயே இருந்தது.

"புகார் குடுத்தா இன்னிக்கே கொட்டாயப் பூட்டிருவாங்க" என்றாள், எழுந்து நின்று முழங்காலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டே. "அப்புறம் மருந்து இந்த வருசமும் வராது. அடுத்த வருசமும் வராது. அதனால குடுக்கலை. எம்பேர எடுத்துரு. ஜெயிச்சுட்டு வா. ஜெயிக்கலைன்னா எம்மூஞ்சில முழிக்காத."

ராக்கியண்ணன் பதினான்குக்கு உறையைத் திரும்ப மாட்டவில்லை. நான் சொன்ன பிறகுதான் மாட்டினான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்தத் தொகுதிக்கு மூன்று நாள் முடிந்தது. இனி வலி ஊசி போடத் தடையில்லை. ஆனால் வீக்கம் தானாகவே வடிகிறது. இப்போது போட்டு மருந்தை வீணாக்க வேண்டாம் என்று விட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. சுகந்தி கொழுக்கட்டை செய்திருந்தாள். ராக்கியண்ணன் வரவில்லை. நானே போய் அளவு எடுத்துவிட்டு வந்தேன். ஒற்றை ஆளாகப் பிடித்து அமுக்குவது சிரமம். முழங்காலால் கழுத்தை அழுத்திக்கொண்டால் முடிகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

கடைசித் தொகுதியும் முடிந்தது. கோடுகளை வரைந்து பார்த்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை. இருபது வருட வேலையில் இவ்வளவு சுத்தமான படம் எனக்கு வாய்த்ததில்லை.

அட்டவணையில் ஒரு கட்டம், "அவசர வலி ஊசி தேவைப்பட்ட குட்டிகள்" என்று கேட்கிறது. தொடக்கத்தில் ஊசி போட்ட நான்கையும் கணக்கிலிருந்து விலக்கி, அவற்றுக்குப் பதில் வேறு சேர்த்தாயிற்று. இருக்கும் கணக்கின்படி: இல்லை. முக மதிப்பெண் கட்டத்தில் கோடு போட்டேன். ஆசிரியர் பெயர்களில் மெஹரை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சென்னை. குழுக் கூட்டம் மூன்றாம் மாடியில், ஏசி வேலை செய்யாத அறையில். ஏழு பேர். தலைவர் ஓய்வுக்கு அருகில் இருப்பவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாளை முகத்தருகே வைத்துப் படிப்பவர். எல்லோருக்கும் பஜ்ஜி கொடுத்தார்கள்.

படத்தைக் காட்டினேன். இடைவெளியைக் குச்சியால் தொட்டுக் காட்டினேன். நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன்.

"கோடு நல்லாருக்கு டாக்டர்" என்றார் தலைவர். "ஆனா ஒரு சந்தேகம். வீங்குன எடத்துல அமுக்குனா எந்த ஆடும்தான் உதைக்கும். நானும்தான் உதைப்பேன்." சிரித்தார்கள். "அமுக்காம விட்டா? சும்மா நிக்கிறப்ப அதுக்கு வலி இருந்துச்சா? அதுதானே கேள்வி? ஊர்ல காயடிச்சுட்டு எவன் போய் அமுக்கறான்?"

முக மதிப்பெண்ணைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அந்தக் கட்டத்தில் வெறும் கோடுதான் இருக்கிறதே என்றார். அளவின் துல்லியத்துக்காக உறை போட்டோம் என்றேன்.

தலைவர் அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறுத்தினார். "உங்க விதிப்படி, வலி ஆறைத் தொட்டா ஊசி போட்டே ஆகணும். ஒரு குட்டிக்குக்கூடப் போடலைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப ஒரு குட்டிக்கும் ஆறு வரலைன்னுதானே அர்த்தம்?"

நான் அட்டவணையைப் பார்த்தேன்.

"இல்ல, வந்துச்சு, ஆனா நீங்க போடலைன்னா அது வேற விவகாரம்" என்றார். குரலில் கோபம் ஏதுமில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அனுமதி குடுத்தவங்களுக்கு எழுதணும். கொட்டகை உரிமம், உங்க பதவி உயர்வுக் கோப்பு, எல்லாம் அதுல வரும். அப்படியில்லையே?"

விசிறியின் காற்றில் தாள்கள் படபடத்தன.

"இல்லீங்க சார்" என்றேன்.

"வலி ஆறைத் தொடலை."

"தொடலைங்க."

"அவ்வளவுதான். குறிச்சுக்குங்க" என்று எழுத்தரிடம் சொன்னார். "குறிப்பிடத்தக்க வலி காணப்படவில்லை. ஆய்வாளரே உறுதி செய்கிறார்." பிறகு என்னைப் பார்த்து, "நல்ல ஆய்வு டாக்டர். இத்தனை வருசமா நமக்கு ஒரு ஆதாரம் இல்லாம இருந்துச்சு" என்றார்.

நான் கொடுத்த தாளிலேயே தீர்மானத்தை எழுதிக்கொண்டார்கள். ரயிலில் இருக்கை வசதியாகக் கிடைத்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

மெஹர் போனில் கேட்டாள். சொன்னேன். சொன்னதில் எதையும் மறைக்கவில்லை. தலைவர் கேட்டதை அவர் கேட்ட மாதிரியே சொன்னேன்.



"நான் அன்னிக்கே புகார் குடுத்திருந்தா" என்றாள், "பதினாலுக்காவது ஊசி கெடைச்சிருக்கும்."

வைத்துவிட்டாள். உணர்ச்சிவசப்படுகிறவள். ஆறிவிடுவாள்.

செப்டம்பர் 24, புதன்

ஆய்வுக் குட்டிகளை ஏலம் விட்டாயிற்று. பதினான்கு எடை குறைந்துவிட்டதால் கடைசியாகத்தான் போயிற்று.

அக்டோபர் 8, புதன்

சுற்றறிக்கை வந்தது. எல்லா மருந்தகங்களுக்கும் கல்லூரி முகாம்களுக்கும். செம்மறி, வெள்ளாட்டுக் கிடாக்களைக் காயடிக்கையில் வலி நிவாரண ஊசி தேவையில்லை என ஆய்வில் தெளிவாகியுள்ளதால், அந்தத் தலைப்பில் இனி மருந்து வழங்கப்படாது. இதுவரை சில முகாம்களில் போட்டுவந்ததும் நிறுத்தப்படுகிறது. கீழே ஆய்வாளர் பெயர். முதலெழுத்தைத் தவறாக அச்சடித்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லி எழுத வேண்டும்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அரசுச் சுற்றறிக்கையில் கல்லூரியின் ஆய்வு இடம்பெறுவது அபூர்வம் என்றார். பதவி உயர்வுக் கோப்பு நகர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

அக்டோபர் 13, திங்கள்

தீபாவளிக்கு முந்தைய முகாம், ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில். கூட்டம் அதிகம். ராக்கியண்ணன் வேறு துறைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டதால் புது ஆள். மெல்லப் பழகிக்கொள்வான்.

மருதாயி என்றொரு பெண்பிள்ளை நான்கு கிடாக்குட்டிகளைக் கயிற்றில் கோத்து ஓட்டி வந்திருந்தாள். போன வருடம் இதே முகாமில் நாங்கள் ஊசி போட்டுக் காயடித்ததை நினைவு வைத்திருந்தாள். முதல் குட்டிக்கு இடுக்கியை வைத்து நசுக்கி இறக்கிவிட்டதும் அது மண்ணில் விழுந்து காலை உதறிற்று.

"ஏனுங்க, ஊசி போடாம பண்ணிப்போட்டீங்க?" என்றாள்.

"ஊசி இல்லம்மா இப்ப."

"போன வருசம் போட்டீங்களே. ஊட்டுக்குப் போனதும் தழை கடிச்சுதுங்க. இப்ப பாருங்க, எப்பிடிக் கெடக்குதுன்னு." குட்டியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "தீந்து போச்சுங்களா? நாளைக்கு வரட்டுங்களா?"

"தீரலை. போட வேண்டாம்னு உத்தரவு. ஆட்டுக்கு வலிக்கறதில்லைன்னு ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க."

அவள் குட்டியைப் பார்த்தாள். அது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது.

"எந்தப் பாவி பாத்தானுங்க சார் அதை?"

அரசாங்கம் என்றேன். அடுத்த குட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.